புரியும் மொழியில் எத்திவைப்போம்

(அஸ்தினாபுரத்தில் நிகழ்த்திய ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

 



அல்லாஹுத்தஆலா எந்த இறைத்தூதரையும் அவருடைய சமுதாயத்தாரின் மொழியைக் கொண்டே அனுப்பினான். அவர் அவர்களுக்குத் தெளிவாக விளக்கிச் சொல்ல வேண்டும் என்பதே அதன் நோக்கம் என்று ஸூரத்து இப்ராஹீமின் 4ஆம் வசனம் நமக்கு அறிவிக்கிறது. இதைச் சற்று நிதானமாகச் சிந்தியுங்கள். படைத்தவனிடமிருந்து வந்த வஹீக்கே கேட்பவரின் மொழி தேவைப்பட்டது. அப்படியிருக்க, மனிதர்களாகிய நாம் புரியாத மொழியில் ஒன்றைச் சொல்லிவிட்டு, "நாங்கள் சொல்லிவிட்டோம், அவர்கள்தாம் கேட்கவில்லை" என்று கையை உதறிவிட முடியுமா?

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு இன்று நாம் சிந்திக்கப் போவது, வெளிமாநிலங்களிலிருந்து நம் பகுதிக்கு வந்து வாழும் குடும்பங்களின் குழந்தைகளுக்குப் போட வேண்டிய தடுப்பூசியைப் பற்றியாகும்.

நம் ஸஃபில் நிற்பவர்கள்

அஸ்ஸாமிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வரும் ரயில்கள் இன்று தாம்பரத்திலேயே வந்து நிற்கின்றன. அவற்றில் வந்து இறங்கியவர்கள் நம்மைச் சுற்றிலும் இருக்கிறார்கள். குரோம்பேட்டையிலும் சிட்லபாக்கத்திலும் நெமிலிச்சேரியிலும் எழும்பும் அடுக்குமாடிகளில் சாரம் கட்டுபவர்கள் அவர்கள். நாகல்கேணியின் தோல் தொழிற்கூடங்களிலும், மெப்ஸ் வளாகத்தின் தொழிற்சாலைகளிலும், உணவகங்களின் அடுப்படியிலும் உழைப்பவர்கள் அவர்கள். பீகார், வங்காளம், அஸ்ஸாம், ஒடிசா, ஜார்க்கண்ட் என்று ஊர் பலவானாலும், ஜும்ஆ நாளில் நம்மோடு தோளோடு தோள் சேர்ந்து ஒரே ஸஃபில் நிற்கிறார்கள். தனியாக வந்த இளைஞர்களில் பலர் இப்போது மனைவி மக்களோடு ஓர் அறை வாடகை வீடுகளில் வாழ்கிறார்கள்.

பிழைப்புக்காக ஊர் கடந்து போவது தமிழ் முஸ்லிம்களுக்குப் புதிதன்று. நம் பாட்டனார்கள் இரங்கூனுக்கும் பினாங்குக்கும் கப்பலேறினார்கள். மொழி தெரியாத ஊரில் ஒரு மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்ல ஆள் தேடிய தவிப்பை அவர்கள் அறிவார்கள். அன்று அவர்களுக்கு யாரோ ஒருவர் கைகொடுத்தார். இன்று கைகொடுக்கும் இடத்தில் அல்லாஹ் நம்மை வைத்திருக்கிறான். நாடிவந்த முஹாஜிர்களை மனமார நேசித்து, தங்கள் தேவையைவிட அவர்களின் தேவையை முற்படுத்திய மதீனத்து அன்ஸாரிகளை ஸூரத்துல் ஹஷ்ரின் 9ஆம் வசனம் புகழ்ந்துரைக்கிறது. அந்தப் புகழில் பங்கு பெற இதோ ஒரு வாசல் திறந்திருக்கிறது.

காற்றில் கரையும் நான்கு செய்திகள்

குழந்தைக்குத் தடுப்பூசி போட்டபின் தாயிடம் நான்கு செய்திகளைச் சொல்ல வேண்டும் என்று சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி தரப்படுகிறது. முதலாவது, இன்று போட்ட ஊசி எது, அது எந்த நோயைத் தடுக்கும் என்பது. இரண்டாவது, ஊசிக்குப்பின் காய்ச்சல், வீக்கம் போன்று என்ன வரலாம், வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது. மூன்றாவது, அடுத்து வர வேண்டிய நாள். நான்காவது, அட்டையைப் பத்திரமாக வைத்திருந்து ஒவ்வொரு முறையும் கொண்டுவர வேண்டும் என்பது.

இப்போது பீகாரின் கட்டிஹாரிலிருந்து வந்த ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். கணவர் வேலைக்குப் போய்விட்டார். அவள் ஒன்றரை மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறாள். செவிலியர் அன்பானவர்தாம். ஆனால் அவருக்குப் பின்னால் இன்னும் இருபது தாய்மார்கள் காத்திருக்கிறார்கள். அவர் நான்கு செய்திகளையும் தமிழில் சொல்லிவிடுகிறார். அந்தத் தாய் தலையசைக்கிறாள். அவளுக்குப் புரிந்தது எதுவுமில்லை.

அன்றிரவு குழந்தைக்குக் காய்ச்சல் அடிக்கிறது. ஊசி போட்ட தொடை வீங்குகிறது. ஐந்து நோய்களைத் தடுக்கும் பெண்டாவேலண்ட் ஊசிக்குப்பின் ஓரிரு நாள் இப்படி வருவது வழக்கமானதே என்பது அவளுக்குத் தெரியாது. "நன்றாக இருந்த பிள்ளையை ஊசி போட்டுக் கெடுத்துவிட்டார்களே!" என்று விடியும்வரை அழுகிறாள். இரண்டரை மாத ஊசிக்கு அவள் வருவதில்லை. பதிவேட்டில் அந்தக் குழந்தை விடுபட்ட குழந்தையாகிவிடுகிறது. பார்ப்பவர்கள், வடநாட்டவர்களுக்கு அக்கறையில்லை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள்.

அன்பர்களே! அவளிடம் அக்கறை இல்லாமலில்லை. அக்கறை இருந்ததால்தான் முதல் தடவை வந்தாள். அவளுக்குக் கிடைக்காமல் போனது ஒன்றே ஒன்று: அவள் மொழியில் நான்கு வாக்கியங்கள்.

வதந்தி மட்டும் வழி தவறுவதில்லை

உண்மைச் செய்தி மொழி தெரியாமல் வாசலிலேயே நின்றுவிடுகிறது. வதந்தியோ ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் அந்தந்த வீட்டின் மொழியிலேயே நுழைந்துவிடுகிறது. 2017 பிப்ரவரியில் தமிழகத்தில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோது இதை நாம் கண்கூடாகக் கண்டோம். 9 மாதம் முதல் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கான அந்த முகாமைப் பற்றி வாட்ஸ்அப்பில் பரவிய செய்திகள், நல்ல தமிழில், நெஞ்சைத் தொடும் விதத்தில் இருந்தன. பெற்றோர் பலர் தயங்கினார்கள். முகாமின் காலத்தையே நீட்டிக்க வேண்டியதாயிற்று. தீயவன் ஒருவன் செய்தி கொண்டுவந்தால் நன்கு விசாரித்துக்கொள்ளுமாறு ஸூரத்துல் ஹுஜுராத்தின் 6ஆம் வசனம் இடும் கட்டளை, கைப்பேசியில் வரும் செய்திக்கும் பொருந்தும் அல்லவா?

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் வாழும் சோமாலிய முஸ்லிம் குடும்பங்களின் நிலை மற்றொரு படிப்பினை. தட்டம்மைத் தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்ற பேச்சு அவர்களிடையே பரப்பப்பட்டது. அந்தப் பேச்சுக்கு மூலமான 1998ஆம் ஆண்டு ஆய்வுக் கட்டுரையை வெளியிட்ட மருத்துவ இதழே 2010இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆனால் அச்சம் திரும்பிப் போகவில்லை. 2004இல் அந்தச் சமூகத்தில் 100க்கு 92 குழந்தைகள் தடுப்பூசி பெற்றிருந்தார்கள். 2014இல் அது 42ஆகக் குறைந்தது. 2017இல் தட்டம்மை பரவி 75 பேரைப் பீடித்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் சோமாலியக் குழந்தைகளே.

இதற்கு நேர்மாறான நல்ல முன்மாதிரி நம் நாட்டிலேயே உண்டு. உத்தரப் பிரதேசத்தில் போலியோ சொட்டு மருந்தால் மலட்டுத்தன்மை வரும் என்ற வதந்தி முஸ்லிம் குடும்பங்களிடையே பரவியிருந்தது. அதே தெருவில் வாழும் பெண்கள், அதே மொழியில், வீடுவீடாகச் சென்று பேசினார்கள். அலீகர் முஸ்லிம் பல்கலைக்கழகமும் ஜாமிஆ மில்லிய்யாவும் துணைநின்றன. உலமாக்கள் விளக்கம் தந்தார்கள். பள்ளிவாசல் ஒலிபெருக்கிகள் அறிவிப்புச் செய்தன. செங்கல் சூளைகளையும் கட்டுமான இடங்களையும் தேடிப்போய்ச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். இந்தியாவில் 2009இல் 741ஆக இருந்த போலியோ பாதிப்பு 2010இல் 42ஆகவும், 2011இல் ஒன்றாகவும் குறைந்தது. 2014 மார்ச் 27 அன்று போலியோ ஒழிந்ததற்கான சான்று வழங்கப்பட்டது. அல்ஹம்து லில்லாஹ்!

கடைசி நோயாளி யார்?

2011 ஜனவரியில் கண்டறியப்பட்ட அந்த ஒரே போலியோ நோயாளி, மேற்கு வங்கத்தின் ஹௌரா மாவட்டத்தைச் சேர்ந்த சிறுமி. சொட்டு மருந்து பெறாமல் விடுபட்ட குழந்தை அவள். பெரியம்மையின் வரலாறும் இதையே சொல்கிறது. இந்தியாவில் பெரியம்மையின் கடைசி நோயாளி, வங்கதேசத்திலிருந்து வந்து அஸ்ஸாமின் கரீம்கஞ்ச் ரயில் நிலையத்தில் கிடந்த ஓர் ஏழைப் பெண், ஆண்டு 1975.

இவற்றிலிருந்து நாம் அறிவது என்ன? பதிவேட்டில் பெயர் இல்லாதவர், முகவரி இல்லாதவர், மொழி தெரியாதவர் ஆகியோரிடம்தான் நோய் கடைசியாக ஒதுங்குகிறது. அவர்களைச் சென்றடையாத வரை, எந்த நோயையும் நாம் வென்றதாகச் சொல்ல முடியாது.

தட்டம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளி ஓர் அறையை விட்டுப் போனபிறகும் 2 மணி நேரம்வரை அதன் கிருமி காற்றில் இருக்கக்கூடும். 100க்கு 95 பேராவது இரண்டு தவணை ஊசி பெற்றிருந்தால்தான் அது பரவாமல் தடுக்கப்படும். 2022ஆம் ஆண்டின் இறுதியில் மும்பையின் கோவண்டி பகுதியில், உழைக்கும் ஏழை மக்கள் நெருக்கமாக வாழும் இடத்தில், தட்டம்மை பரவிப் பச்சிளம் குழந்தைகள் மடிந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஊசி பெறாதவர்கள். அதன்பிறகே பள்ளிவாசல்களின் உதவி நாடப்பட்டது. 2016இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் தொண்டை அடைப்பான் நோய் பரவி, ஊசி போடாத பிள்ளைகள் உயிரிழந்தார்கள். குழந்தைகளை அடக்கம் செய்தபின் கூடுவதைவிட, அதற்கு முன்பே நாம் கூடிவிடுவது மேலல்லவா?

உங்கள் வீட்டில் 7 மாதக் குழந்தை இருக்கலாம். வழக்கமான அட்டவணைப்படி தட்டம்மை ஊசியை அதற்கு 9 மாதம் நிறைந்த பிறகே போடுவார்கள். அதுவரை அந்தக் குழந்தைக்குக் காவல், சுற்றியிருப்பவர்கள் போட்டுக்கொண்ட ஊசிதான். அடுத்த வீட்டு வங்காளக் குழந்தைக்கு நீங்கள் செய்யும் உதவி உங்கள் தொட்டிலுக்கும் வேலியாக அமைகிறது.

மார்க்கம் தடுக்கிறதா?

"நோயைக் கொடுப்பவனும் நீக்குபவனும் அல்லாஹ்வே, பிறகு எதற்கு ஊசி?" என்று கேட்பவர்கள் உண்டு. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒருவருக்குப் போதித்த செய்தி திர்மிதீயில் பதிவாகியுள்ளது. ஷாம் நாட்டில் கொள்ளை நோய் பரவியதை அறிந்து ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் படையோடு திரும்பியபோது, அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று வினவப்பட்டது. அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதியின் பக்கமே செல்கிறோம் என்னும் பொருளில் அவர்கள் விடையளித்ததை புகாரீயில் காண்கிறோம். நோய் வருமுன் காத்துக்கொள்வது ஈமானுக்கு மாற்றமானதன்று.

மலட்டுத்தன்மை பற்றிய அச்சத்திற்கு விடை நம் கண்முன்னே நடமாடுகிறது. 1995இல் நாடு தழுவிய போலியோ முகாம் தொடங்கியபோது சொட்டு மருந்து பெற்ற குழந்தைகள் இன்று தாய் தந்தையராகி, தங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். மேலும், ஹஜ்ஜுக்குச் செல்லும் ஒவ்வொருவரும் மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டே செல்ல வேண்டும் என்பது சவூதி அரசின் விதி. அல்லாஹ்வின் இல்லத்திற்குப் போகும் பெரியவர்களுக்கு ஆகுமானது, நம் இல்லத்துக் குழந்தைகளுக்கு ஆகாமல் போகுமா?

நாம் தெரிந்து சொல்ல வேண்டியவை

பிறருக்குச் சொல்வதற்கு முன் நாம் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். பிறந்தவுடன் காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசி, போலியோ சொட்டு மருந்து, 24 மணி நேரத்திற்குள் மஞ்சள் காமாலை பி ஊசி. பிறகு ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதங்களில் பெண்டாவேலண்ட் ஊசியும் போலியோ, ரோட்டா சொட்டு மருந்துகளும். இவற்றில் ஒன்றரை, மூன்றரை மாதங்களில் போலியோ ஊசியும் நிமோனியாவுக்கான ஊசியும் சேரும். 9 மாதம் நிறைந்ததும் தட்டம்மை, ரூபெல்லா ஊசியின் முதல் தவணை. 16 முதல் 24 மாதங்களுக்குள் அதன் இரண்டாம் தவணையும் முத்தடுப்பு ஊசியின் ஊக்கத் தவணையும். 5 வயதிலும், பின்னர் 10, 16 வயதுகளிலும் மேலும் ஊசிகள் உண்டு.

பி.சி.ஜி. போட்ட இடத்தில் சில வாரங்களில் சிறு கொப்புளம் வந்து தழும்பாவது இயல்பு. இந்த ஊசி நம் பகுதிக்கு அந்நியமானதன்று. குரோம்பேட்டைக்கு அடுத்த ரயில் நிலையத்திற்குச் சானடோரியம் என்று பெயர் வந்ததே, 1928இல் அங்கே காசநோயாளிகளுக்காக ஏற்பட்ட மருத்துவமனையால்தான். அதே ரயில் பாதையிலுள்ள கிண்டியில் 1948இல் பி.சி.ஜி. தடுப்பு மருந்து ஆய்வுக்கூடம் நிறுவப்பட்டது.

வெளிமாநிலக் குடும்பங்களுக்கு முக்கியமாக நான்கு விஷயங்கள் தெரிய வேண்டும். ஒன்று, அரசு மருத்துவமனைகளிலும் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இந்த ஊசிகள் இலவசம். எந்த மாநிலத்துக் குழந்தையாக இருந்தாலும் சரியே. தமிழகத்தில் புதன்கிழமை தடுப்பூசி நாள். இரண்டு, சொந்த ஊரில் கொடுத்த அட்டை இங்கும் செல்லும். யூ-வின் என்னும் கணினிப் பதிவில் சேர்க்கப்பட்டிருந்தால், நாட்டின் எந்த ஊரிலும் விவரத்தைப் பார்த்துக்கொள்ளலாம். மூன்று, தவணை தவறிப்போனால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எந்த ஊசியை எந்த வயதுவரை போடலாம் என்பதைச் செவிலியர் பார்த்துச் சொல்வார். தாமதமாகிவிட்டதே, திட்டுவார்களோ என்று அஞ்சி ஒதுங்கிவிடக் கூடாது. நான்கு, சாதாரணச் சளிக்காக ஊசியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. ஊசி போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும். வலிப்பு வந்தாலோ, கடும் காய்ச்சல் தணியாவிட்டாலோ, மணிக்கணக்கில் குழந்தை அழுகையை நிறுத்தாவிட்டாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மொழிபெயர்ப்பும் ஓர் அமானிதம்

யூதர்களின் கடிதங்களைப் படிப்பதற்காக அவர்களின் எழுத்தைக் கற்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஹழ்ரத் ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களைப் பணித்தார்கள். அரை மாதத்திற்குள் அவர் கற்றுத் தேர்ந்த செய்தி திர்மிதீயில் உள்ளது. ஹழ்ரத் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களுக்கும் மக்களுக்குமிடையே அபூ ஜம்ரா (ரஹ்) அவர்கள் மொழிபெயர்ப்பாளராக இருந்ததை புகாரீ எடுத்துரைக்கிறது. மொழியறிவு தீனுடைய பணி என்பதற்கு இவை போதும்.

மதரஸாக்களில் ஓதிவந்த ஆலிம்களாகிய எங்களுக்கு உர்தூ தெரியும். பீகார் சகோதரர்களிடம் பேச அது உதவும். வங்காளக் குடும்பத்துப் பெண்களுக்கு உர்தூவும் புரியாமல் போகலாம். அங்கே அவர்களிலேயே தமிழ் கற்றுக்கொண்ட ஒருவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஜும்ஆவுக்குப்பின் மூன்று நிமிடம் அவர்கள் மொழியில் ஓர் அறிவிப்புச் செய்யலாம். ஆனால் ஜும்ஆவுக்கு வருபவர் தந்தை. வரிசையில் நிற்பவள் தாய். ஆகவே நம் வீட்டுப் பெண்கள் புதன்கிழமை காலை ஒரு மணி நேரத்தை ஒதுக்கி, பக்கத்து வீட்டுத் தாயின் கூடவே போய்வர வேண்டும்.

சில சொற்களையேனும் நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள். தட்டம்மை என்றால் அவர்களுக்குப் புரியாது; இந்தியிலும் உர்தூவிலும் கஸ்ரா, வங்காளத்தில் ஹாம். தடுப்பூசி என்பது டீக்கா. "புகார் ஆ ஸக்தா ஹை, கப்ராயியே நஹீ" என்றால், காய்ச்சல் வரலாம், பதறாதீர்கள் என்று பொருள். "யே கார்டு ஸம்பால்கர் ரக்கியே" என்றால், இந்த அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள் என்று பொருள். இந்த இரண்டு வாக்கியங்கள் ஒரு தாயின் இரவைத் தூக்கமுள்ளதாக்கும். ஒரு குழந்தையின் அடுத்த தவணையைக் காப்பாற்றும்.

ஆனால் ஒரு நிபந்தனை. மொழிபெயர்ப்பவர் செவிலியர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும். தன் கருத்தை இடையில் கலக்கக் கூடாது. தாய் கேட்கும் கேள்வியை, அது சிறியதாயினும், மருத்துவரிடம் அப்படியே கொண்டுசேர்க்க வேண்டும். அந்தக் குடும்பத்தின் நோய்நொடியைத் தெருவில் பேசக் கூடாது. பள்ளிக்கூடம் போகும் சிறு பிள்ளையை நிறுத்தி மருத்துவச் செய்தியை மொழிபெயர்க்கச் செய்வதும் சரியன்று.

அன்பு வாசகர்களே! ஜனாஸாத் தொழுகையைப் பர்ளு கிஃபாயா என்கிறோம். சிலர் நிறைவேற்றினால் ஊரார் அனைவர் மீதுமுள்ள பொறுப்பு நீங்கும். ஒருவருமே முன்வராவிட்டால் ஊரே குற்றத்திற்குள்ளாகும். ஒரு குழந்தைக்கு ஜனாஸாத் தொழுகை தொழவைக்கும் நிலை வராமல் தடுக்கும் பணியையும் நம் மஹல்லா அப்படியே கருத வேண்டும். ஓர் உயிரை வாழவைத்தவர் மனிதர் அனைவரையும் வாழவைத்தவர் போலாவார் என்பதை ஸூரத்துல் மாயிதாவின் 32ஆம் வசனம் உணர்த்துகிறது. அந்த நன்மை வரும் புதன்கிழமை நம் தெருமுனையில் காத்திருக்கிறது. இந்த வாரம் உங்கள் தெருவில் உள்ள ஒரு குடும்பத்தின் கதவைத் தட்டி, "அட்டை இருக்கிறதா? அடுத்த தேதி எப்போது?" என்று அவர்களுக்குப் புரியும்படி கேளுங்கள்.

நாடி வந்தவர்களை நேசிக்கும் உள்ளத்தையும், உண்மையைப் புரியும்படி எத்திவைக்கும் நாவையும் அல்லாஹுத்தஆலா நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! எல்லாக் குழந்தைகளையும் நோய்நொடிகளிலிருந்து காத்து, பெற்றோரின் கண்குளிர்ச்சியாக ஆக்கிவைப்பானாக! ஆமீன்.